ராக்கபிலி என்றால் என்ன? அது யாருடைய இசை?

நண்பர் ஒருவர் உங்களை நேரடி இசை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார். சுவரொட்டியில் "ராக்கபிலி, ரூட்ஸ் ராக்" என்று போட்டிருக்கிறது. பெயர் புதுசு. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்புகிறீர்கள்.

மேடையில் மூன்றே பேர். ஒருவர் கையில் கிட்டார். இன்னொருவர் தன்னைவிட உயரமான டபுள் பேஸை அணைத்தபடி நிற்கிறார். மூன்றாமவர் உட்காராமல், நின்றுகொண்டே இரண்டு மூன்று டிரம்களைத் தட்டுகிறார். பாட்டு ஆரம்பித்துப் பத்து விநாடி ஆகியிருக்காது, உங்கள் கால் தானாகத் தாளம் போடுகிறது. இரண்டு, மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த இசைக்குப் பின்னால் மனிதர்களை நிறம் பார்த்துப் பிரித்த ஒரு காலமும், சரியாகத் தீராத ஒரு பணக் கணக்கும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர் எப்படி வந்தது?

"ராக் அண்ட் ரோல்", "ஹில்பில்லி" என்ற இரண்டு சொற்களின் ஒட்டு அது. ஹில்பில்லி என்பது அமெரிக்காவின் தென்பகுதி மலைக் கிராமங்களில் வாழ்ந்த ஏழை வெள்ளையர்களைக் கேலியாகக் குறிப்பிட்ட சொல். நம்ம ஊரில் ஒருவரைப் 'பட்டிக்காடு' என்று சொல்வதுபோல. அவர்களுடைய பாட்டுதான் பின்னாளில் கன்ட்ரி இசை என்று பெயர் பெற்றது.

அதே தென்பகுதியில் கறுப்பினத்தவரிடம் புளூஸ் இசை இருந்தது. பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களின் இசை அது. இரண்டு சமூகமும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் உழைத்தாலும் பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு, இசைத்தட்டுப் பட்டியல்கூட வேறு. பில்போர்ட் சஞ்சிகை 1949 வரை கறுப்பினத்தவரின் பாடல்களை 'இன இசைத்தட்டுகள்' என்றே பட்டியலிட்டது. அந்த ஆண்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று பெயர் மாறியது. பட்டியல் மட்டும் தனியாகவே இருந்தது.

இந்த இரண்டு இசையும் ஒன்றாகக் கலந்தபோது வந்ததுதான் ராக்கபிலி.

எங்கே, எப்போது தொடங்கியது?

இதுதான் முதல் ராக்கபிலிப் பாட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பலரும் சுட்டிக்காட்டும் நாள் ஒன்று உண்டு: 1954ஆம் ஆண்டு ஜூலை 5.

இடம், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம். யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் சாம் பிலிப்ஸ் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக்கூடம். அவருடைய நிறுவனத்தின் பெயர் சன் ரெக்கார்ட்ஸ். பி.பி. கிங், ஹௌலிங் வுல்ஃப், ரூஃபஸ் தாமஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களை அவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார்.

அன்று அங்கே இருந்தவர்கள் மூன்று இளையர்கள். 19 வயது எல்விஸ் பிரெஸ்லி, கிட்டார் வாசித்த ஸ்காட்டி மூர், டபுள் பேஸ் வாசித்த பில் பிளாக். மெதுவான பாடல்களைப் பாடிப் பார்த்தார்கள். எதுவும் சரியாக வரவில்லை. ஓய்வு நேரத்தில் எல்விஸ் சும்மா விளையாட்டாக ஒரு பாட்டை வேகமாகப் பாட ஆரம்பித்தார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சாம் பிலிப்ஸ் கதவைத் திறந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர்களுக்கே பதில் தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லி, அதைப் பதிவு செய்தார்.

அந்தப் பாட்டு 'தட்ஸ் ஆல் ரைட்'. மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பின புளூஸ் பாடகர் ஆர்தர் 'பிக் பாய்' குருடப் எழுதி, 1946இல் பதிவு செய்த பாட்டு.

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டே? மறுபக்கத்துக்கு 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை எடுத்தார்கள். அது பில் மன்ரோ என்ற வெள்ளைக்காரர் எழுதிய, மெதுவாக ஆடும் கிராமியப் பாட்டு. அதையும் வேகமாக்கினார்கள். ஒரு பக்கம் கறுப்பினத்தவர் பாட்டு, மறுபக்கம் வெள்ளையர் பாட்டு. இரண்டும் ஒரே தட்டில்!

வானொலியில் ஏன் பள்ளிப் பெயரைக் கேட்டார்கள்?

சில நாளில் மெம்ஃபிஸ் வானொலிப் படைப்பாளர் டூயி பிலிப்ஸ் அந்தப் பாட்டை ஒலிபரப்பினார். நேயர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்க, அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். எல்விஸ் பதற்றத்தில் திரையரங்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேடிப் பிடித்து நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்.

பேட்டியில் டூயி பிலிப்ஸ் ஒரு கேள்வி கேட்டார்: எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாய்? 'ஹியூம்ஸ்' என்றார் எல்விஸ்.

சாதாரணக் கேள்வி மாதிரி தெரியுதா? அது வெள்ளையர் மட்டும் படித்த பள்ளி. குரலை மட்டும் கேட்ட பல நேயர்கள் பாடியவர் கறுப்பினத்தவர் என்றே நினைத்தார்கள். நிறத்தை நேரடியாகச் சொல்லாமல் சொல்லப் பள்ளிப் பெயரே போதுமானதாக இருந்தது. பள்ளிகளை நிறத்தால் பிரிப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மே 17ஆம் தேதிதான் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் மெம்ஃபிஸ் அரசாங்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் கால் வைத்தது 1961இல்தான். முதல் ஆண்டில் 13 பேர். எல்லாரும் முதலாம் வகுப்புக் குழந்தைகள்.

மேடைக்கு வந்த இரவு

1954 ஜூலை 30. மெம்ஃபிஸ் ஓவர்டன் பூங்காவின் திறந்தவெளி அரங்கு. பெரிய பெயர் ஸ்லிம் விட்மன் என்ற கன்ட்ரி பாடகருடையது. எல்விஸ் பட்டியலில் கீழே இருந்தார். ஒரு விளம்பரத்தில் அவர் பெயரை 'எல்லிஸ்' என்று தப்பாகவே அச்சிட்டிருந்தார்கள்.

மேடை பயத்தில் அவருடைய கால் நடுங்கியது. தொளதொள கால்சட்டை அந்த நடுக்கத்தை இன்னும் பெரிதாகக் காட்டியது. கூட்டத்திலிருந்த பெண்கள் கத்தினார்கள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எல்விஸ் மேடையைவிட்டு இறங்கினார். காலை ஆட்டியதால்தான் கத்துகிறார்கள் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த பாட்டில் வேண்டுமென்றே ஆட்டினார். சத்தம் இன்னும் கூடியது.

ராக்கபிலி ஏன் நேரடியாகக் கேட்க வேண்டிய இசை என்பதற்கு அந்த இரவே பதில். பாடுபவரும் பார்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் இதன் வேகம் ஏறுகிறது. அந்த அரங்கில் இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

மேடையில் எதைக் கவனிக்கலாம்?

டபுள் பேஸ்: விரலால் தந்தியை இழுத்து விட்டால் அது பலகையில் மோதி 'டக்' என்கிறது. உடனே உள்ளங்கையால் அறைந்தால் இன்னொரு 'டக்'. 'ஸ்லாப்' என்று பெயர். பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் கலைஞர்களிடமிருந்து வந்த வித்தை. எல்விஸின் முதல் பதிவில் டிரம்ஸே கிடையாது. தாளம் முழுக்க இந்தத் தந்திகளில்தான். அப்போது கன்ட்ரி இசையின் மிகப் பெரிய மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியில் டிரம்ஸுக்கு அனுமதி இல்லை. ஜானி கேஷ் கிட்டார் தந்திகளுக்கு நடுவில் காகிதத்தைச் செருகி டிரம் மாதிரி சத்தம் எழுப்பினார்.

கிட்டார்: கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு கிட்டார்கள் வாசிப்பதுபோல் இருக்கும்.

எதிரொலி: ஒவ்வொரு சத்தமும் ஒரு நொடியின் சிறு பகுதி கழித்து ஒரே ஒருமுறை திரும்பி வரும். சாம் பிலிப்ஸ் இரண்டு ஒலிநாடாக் கருவிகளை இணைத்து இதை உருவாக்கினார்.

குரல்: சொல்லுக்கு நடுவில் விக்கல் வந்ததுபோல் குரல் மேலே தாவும். தமிழ்த் திரைப்பாட்டில் ஜே.பி. சந்திரபாபு 'யோடலிங்' செய்து பாடியதைத் தாத்தா பாட்டி வீட்டில் கேட்டிருக்கலாம். அமெரிக்கக் கன்ட்ரி பாடகர்கள் 1920களிலேயே அப்படிப் பாடினார்கள். ராக்கபிலியின் விக்கல் அதற்கு உறவு.

ரூட்ஸ் ராக் வேறா?

கொஞ்சம் வேறு. 1960களின் கடைசியில் ராக் இசை சிக்கலாகிக்கொண்டே போனது. அப்போது சிலர் 'வேருக்குத் திரும்புவோம்' என்று பழைய புளூஸ், கன்ட்ரி, நாட்டுப்புற இசையைத் தேடிப் போனார்கள். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், தி பேண்ட் ஆகிய இரண்டு குழுக்களின் முதல் இசைத்தொகுப்புகளும் 1968இல் வெளிவந்தன. பின்னர் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் லோஸ் லோபோஸ் மெக்சிகோ இசையைச் சேர்த்தது. ராக்கபிலியும் 1980களில் ஸ்டிரே கேட்ஸ் குழுவால் மறுபடியும் பேசப்பட்டது. இப்போது இரண்டும் ஒரே மேடையில் வருவது சகஜம்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. எல்விஸைப் பார்த்துப் பாட ஆரம்பித்த பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், 1961இல் 'தி ஷேடோஸ்' குழுவுடன் கேலாங்கின் ஹேப்பி வோர்ல்ட் அரங்குக்கு வந்தார். அதன் பிறகு சிங்கப்பூர் இளையர்கள் பலர் கிட்டார் எடுத்துக் குழு அமைத்தார்கள்.

சரி, பணம் யாருக்குப் போனது?

'தட்ஸ் ஆல் ரைட்' எழுதிய குருடப்பின் பெயர் எல்விஸின் இசைத்தட்டில் அச்சாகியிருந்தது. யாரும் மறைக்கவில்லை. ஆனால் பாட்டின் உரிமை அவர் கையில் இல்லை. உரிமைத்தொகை இடையில் இருந்தவர்களிடமே நின்றுவிட்டது. அவர் பாடுவதை நிறுத்தி, பண்ணை வேலையில் குடும்பத்தைக் காப்பாற்றினார். பின்னர் நியாயம் கேட்டுப் போராடியும் சேரவேண்டிய பெரும்பகுதி கிடைக்காமலேயே 1974இல் காலமானார்.

அதே தட்டின் மறுபக்கத்தை எழுதிய மன்ரோவுக்கு நல்ல உரிமைத்தொகை வந்தது. ஒரே தட்டு, ஒரே விற்பனை, இரண்டு விதமான முடிவு.

இதில் ஒன்று கவனியுங்க. மன்ரோவே இளவயதில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னவர். 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாடிய கார்ல் பெர்கின்ஸுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவரும் பருத்திக் காட்டில் கூட வேலை செய்த கறுப்பின முதியவர்தான். ஆக, 'வெள்ளையர் பக்கம்' என்பதும் முழுக்க வெள்ளை இல்லை.

சில ராக்கபிலிக் கூட்டங்களில், அடிமைமுறைக்காகப் போரிட்ட அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடி வெறும் அலங்காரமாகத் தொங்குவதைப் பார்க்கலாம். இந்த இசை யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அதை அலங்காரம் என்று ஏற்க மனம் வருமா?

போவதற்கு முன்...

குருடப் பாடியதை முதலில் கேளுங்க. அப்புறம் எல்விஸ் பாடியது. இரண்டு நிமிடம்கூட இல்லை. கடைசியாகத் தட்டின் மறுபக்கம். பிறகு நிகழ்ச்சிக்குப் போங்க. அந்த 'டக் டக்' சத்தத்துக்குள் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது உங்களுக்கே கேட்கும்.