வார்டுக்கு வந்த வெளிச்சம்

குற்றாலத்துச் சிற்றாறு நம்மைக் குளிப்பாட்டுவதோடு சரி. அதே மலைத்தொடரில் தெற்கே இறங்கும் தாமிரபரணியைத்தான் பாபநாசத்தில் வேலைக்கு அமர்த்தினார்கள். 1944-இல் அங்கே மின்சாரம் பிறந்தது. மின்சாரம் எட்டாத ஆஸ்பத்திரிகளில் அரிக்கேன் லாந்தர்தான் கதி. நோயாளியை மயக்க ஈதர் கொடுப்பார்கள். ஈதரோ பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் சரக்கு. பக்கத்திலேயே எரிகிற விளக்கு! ரண சிகிச்சை செய்த டாக்டர் கத்தியைவிட விளக்குக்கே அதிகம் பயந்திருப்பார்.

பிறகு குழல் விளக்கு வந்தது. அது 40 வாட். அதன் சோக்கு தின்பது இன்னும் சுமார் 10. இன்றைய எல்.இ.டி. குழலுக்கு 20 போதும். 20 குழல் எரியும் வார்டில், 12 மணி நேர இரவுக்கு 7 யூனிட் மிச்சம். இதற்கு வழி திறந்த நீல எல்.இ.டி.க்காக, ஜப்பானில் பிறந்த மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் அந்த நீலம் மிகுந்த வெளிச்சமே இரவில் தூக்கத்தையும் விரட்டுகிறது. குற்றாலப் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவர், தென்காசிக்கு வந்து கட்டுப் போட்டு மல்லாந்து கிடக்கிறார் என்று வையுங்கள். அவர் முகத்துக்கு நேரே விடிய விடிய வெள்ளை வெளிச்சம் எதற்கு? நர்ஸின் மேஜைமேல் ஒரு விளக்கு, கட்டிலடியில் மங்கிய மஞ்சள் ஒளி. மிச்சம் பிடித்த 7 யூனிட்டில் ஒரு துளி இதற்குப் போதுமே!