நஷ்டக் கணக்கில் எழுதிய பிசுக்கு

காமர்ஸ் மாணவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நஷ்டம் என்று எழுதப்பட்ட ஒரு பொருளின் கதை இது!

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரெடரிக் கிப்பிங் 1899 முதல் சிலிக்கன் சேர்மங்களை ஆராய்ந்தார். அவர் தேடியது படிகங்களை. அடிக்கடி கிடைத்ததோ பசை போன்ற பிசுக்கு. இத்துறையில் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை இல்லை என்று 1937-ல் அச்சான உரையில் சொல்லிவிட்டார்.

மூன்றே ஆண்டுகள்... 1940-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் யூஜின் ரோக்கோ, சிலிக்கோனுக்கான மூலப்பொருளை மலிவாகத் தயாரிக்க வழி கண்டார்.

பிசுக்கின் குறையே அதன் குணம். சிலிக்கன்-ஆக்சிஜன் சங்கிலி எளிதில் வளையும், சுழலும். அதனால் மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் விறைக்காது. சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டால் ரப்பர். முடிச்சு குறைந்தால் மெத்தென்றிருக்கும், கூடினால் கெட்டிப்படும். 1969-ல் நிலவில் தடம் பதித்த காலணியின் அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர்தான்.

கிப்பிங் 1949-ல் மறைந்தார். தன் பிசுக்கு ஒரு தொழிலாக வளர்வதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நஷ்டம் என்று மூடும் முன் பேரேட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்க்கலாம், இல்லையா?