பேயரின் திட்டுகளும் சுண்டெலியின் குடலும்

1677 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து மருத்துவர் யொஹான் கொன்றாட் பேயர் சிறுகுடற் சுவரிலுள்ள திட்டுகளை விரிவாக விவரித்தார். அவை சமிபாட்டு நீரைச் சுரக்கும் சுரப்பிகள் என்பது அவர் கருத்து. கண்டதில் அவர் தவறவில்லை. அதன் தொழிலை ஊகித்ததிலேயே தவறினார். அதனைத் திருத்த, கலங்களை உயிருடன் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1971 இல் கிறெய்க், செப்ரா என்போர் முயலின் திட்டுகளிலிருந்து பெற்ற கலங்களைக் கதிர்வீச்சுக்குட்பட்ட வேறு முயல்களுட் செலுத்தினர். அவற்றின் வழித்தோன்றல்கள் குடற்சுவரிற் குடியேறி, ‘ஏ’ வகைப் பிறபொருளெதிரியை ஆக்கின. சுரப்பி எனப்பட்டது நிர்ப்பீடனக் கலங்களின் நாற்றுமேடையே எனப் புலனாயிற்று.

பின்னர் சுண்டெலியே இவ்வாய்வின் முதன்மைப் பிராணியாயிற்று. அதன் குடற்சுவர்க் கலங்களை நாடுவோர் முதலிற் பேயரின் திட்டுகளையே வெட்டி அகற்றுகின்றனர். இல்லையேல் அவற்றின் கலங்கள் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். அடுத்து, கல்சியத்தைப் பிணைக்கும் கரைசலால் மேலணிக் கலங்கள் நீக்கப்படும். எஞ்சிய சுவரைக் கொலாஜினேசு என்னும் நொதியம் கரைக்கும். நொதியம் மிஞ்சினாற் கலங்கள் மடியும், குறைந்தால் வெளிவரா. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

எனினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. ஒரே குலவகைச் சுண்டெலிகளாயினும், வளர்ப்பகம் வேறுபட்டபோது, ரி.எச்.17 எனும் கலங்கள் ஒரு சாராரிடம் மிகுந்தும் மறுசாராரிடம் அருகியும் காணப்பட்டன. செய்முறைப் பிழையென ஒதுக்கியிருக்கக்கூடிய இவ்வேறுபாட்டை நியூயோர்க்கில் லிற்மன் குழுவினர் ஒதுக்கவில்லை. குடலில் ஒட்டி வாழும் ஓர் இழைப் பற்றீரியாவே காரணமென 2009 இல் அவர்கள் காட்டினர். எலி வளர்ந்த இடத்தைக் குறிப்பிடாத பழைய அறிக்கைகளை இன்று ஒப்புநோக்குதல் எளிதன்று.