பியானோவின் விசைப்பொறியும் வலிகாமத்து இசைச்சூழலும்

ஐரோப்பியர் வழியாகத் தமிழர் பெற்ற இசைக்கருவிகளுள் வயலின் கருநாடக இசையின் பிரிக்கவியலா உறுப்பாயிற்று. ஆர்மோனியம் நாடக மேடையைத் தனதாக்கிக்கொண்டது. பியானோ மட்டும் மிஷன் பாடசாலை, தேவாலயம், வசதி படைத்தோர் இல்லம் என்னும் எல்லைக்குள் நின்றுவிட்டது. இதற்குக் காரணங் கூறுவோர் பெரும்பாலும் கமகத்தையே சுட்டுவர். கட்டைகளால் இயங்கும் கருவியில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லல் இயலாது என்பது உண்மையே. ஆயின் அது ஆர்மோனியத்துக்கும் பொருந்தும். அகில இந்திய வானொலி 1940 மார்ச் மாதத்தில் ஆர்மோனியத்தை விலக்கியபோது கூறப்பட்ட காரணங்களுள் அதுவும் ஒன்று. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. அத்தகைய குறையுடைய ஆர்மோனியம் இங்கு வேரூன்ற, பியானோ ஏன் ஊன்றவில்லை? விடையைக் கருவியின் உள்ளேயே தேடுதல் வேண்டும்.

புளோரன்சு நகரத்துக் கிறிஸ்தோபோரி 1700ஆம் ஆண்டளவில் அமைத்த பியானோவின் உயிர்நிலை ஒரு சிறு நுட்பத்தில் உள்ளது. சுத்தியல் கம்பியை அடித்தவுடன் விலகிவிட வேண்டும். ஒட்டி நின்றால் ஒலி அடங்கிவிடும். விரல் கட்டையை அழுத்தியிருக்கும்போதே இவ்விடுபடல் நிகழவேண்டும். 1800ஆம் ஆண்டளவில் பிலடெல்பியாவில் ஹோக்கின்சும் வியன்னாவில் முல்லரும் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்திய பியானோக்களைச் செய்தனர். இவ்வகையில் சுத்தியல் பக்கவாட்டில் அசைவதால், அதன் பாரம் அதனைத் திரும்பக் கொணரப் போதாது. வில்லும் நாடாவும் துணைசெய்ய வேண்டியதாயிற்று. இலண்டன் உவோர்னம் 1842இல் உரிமம் பெற்ற நாடா அமைப்பு இத்தேவையிலிருந்து பிறந்ததே.

சுருதி கூட்டுதல் வேறு, விசைப்பொறியைச் சீரமைத்தல் வேறு. முன்னையது கம்பியின் இறுக்கத்தைப் பற்றியது. பின்னையது விரலுக்கும் கம்பிக்கும் இடைப்பட்ட வழியைப் பற்றியது. முதலிற் கட்டைகள் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழவேண்டும். மெல்லிய காகித வட்டங்களை அடியில் இட்டும் எடுத்தும் அவ்வாழம் சரிசெய்யப்படும். கட்டைக்கும் பொறிக்கும் இடையே வீண் அசைவு இருத்தலாகாது. ஓய்வுநிலையில் சுத்தியல் கம்பிக்கு 45 மில்லிமீற்றர் அளவு தள்ளி நிற்கும். மெல்ல அழுத்தினால் கம்பிக்கு 3 மில்லிமீற்றர் இருக்கையில் விடுபடவேண்டும். சுத்தியல் பாதிவழி வந்ததும் அடக்கி கம்பியை விட்டு அகலவேண்டும். இவற்றுள் ஒன்றை மாற்றின் மற்றையவும் மாறும். ஆதலால் தொடங்கிய இடத்துக்கே மீண்டும் வந்து பார்த்தல் தொழிலாளியின் வழக்கம். கட்டைகளோ 88.

இப்பொறியின் மூட்டுகளில் உள்ளது அழுத்திய கம்பளி. பல இணைப்புகளைப் பிடித்திருப்பது விலங்குப் பசை. மாரியில் கம்பளி பருத்து ஊசிகளைப் பற்றிக்கொள்ள, அழுத்திய கட்டை எழாது. சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் மரஞ் சுருங்கி மூட்டுகள் கலகலக்கும். அந்துப்பூச்சிக்குக் கம்பளியே உணவு. குடியேற்ற நாடுகளுக்கென ஐரோப்பியர் செய்த பியானோக்களிற் பசையோடு திருகாணியும் சேர்த்தமை இதனை அறிந்தே. சென்னையில் 1842இல் தோன்றி, பின்னர் மியூசி மியூசிக்கல் எனப் பெயர்பெற்ற மிஸ்குவித் நிறுவனம் பியானோ விற்றலோடு செப்பனிடுதலையும் தொழிலாகக் கொண்டது. பியானோ நிலைபெற்ற இடங்கள் இத்தகைய தொழிலாளி எட்டும் இடங்களே.

வலிகாமத்தின் செம்மண் வேளாண் ஊராகிய உரும்பிராயை இங்கு நோக்குதல் தகும். மேற்கே உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. கிழக்கே கோப்பாயில் சேர்ச் மிஷனரிச் சங்கம் பணியாற்றியது. ஐரோப்பிய இசை எட்டாத தொலைவன்று. எனினும் இவ்வட்டாரத்துக் கோயில் வீதிகளில் எழுந்த கொட்டகைகளுக்கு வந்தது ஆர்மோனியமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் உருவாக்கிய கைத்துருத்தி வகையில் விடுபடும் சுத்தியலில்லை. கட்டை ஒரு துளையைத் திறக்கும், காற்று பித்தளை நாக்கை அசைக்கும், அவ்வளவே. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கைத்திறனுள்ள எவரும் கற்கக்கூடிய வேலை அது. விலையும் பாரமும் காரணங்களே. ஆயின் வாங்கிய பின்னர் வாழவைத்தல் என்பதே பெரிய காரணம் எனத் தோன்றுகிறது.

கிட்டப்பாவுக்கு அவர் தமையன் காசி ஐயர் வாசித்ததும், நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்துக்கு இசை நின்றதும் இக்கருவியாலேதான். மேடையோடு மொழியிலும் அது புகுந்தது. ஒரு பாடகரின் சுருதியை ‘ஐந்து கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ எனக் கூறும் வழக்கு ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டையை முழுமையாகவும் கறுப்பை அரையாகவும் எண்ணியதே. கட்டைக் கருவியை இகழ்ந்த வித்துவான்களும் அவ்வளவையையே கையாண்டனர் என்பது சுவையானது.

உரும்பிராய்க்கு மேற்கே மருதனார்மடத்தில் 1960இல் தோன்றி, 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக்கழகம் வாய்ப்பாட்டையும் வீணையையும் வயலினையும் மிருதங்கத்தையும் வளர்த்தது. பின்னர் போர் வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது ஆர்மோனியத்தைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிச் செல்லுதல் இயலக்கூடியதாயிருந்தது. இருநூறு கிலோகிராம் அளவு பாரமுள்ள பியானோவை எவருந் தூக்க முடியாது. அவ்வாண்டின் மாரி, பூட்டிய வீடுகளின் மீதும் பெய்தது.