சூளைக்கு முன் காத்திருப்பதில்லை

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று சொல்வதுண்டு. அங்குள்ள சூளை ஒன்றின் முன் நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுட்டு முடித்ததும் திறந்துவிட முடியாது. மெல்ல ஆறாவிட்டால் பாண்டம் விரிசல் காணும். அதுவரை வார்ப்புத் தொழிலாளர்கள் சும்மா நிற்பார்களா? மாட்டார்கள். அடுத்த அச்சுகளில் களிமண் குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

கணிப்பொறி இந்தப் பாடத்தைக் கற்கச் சிறிது காலம் பிடித்தது. தொடக்ககாலப் பொறிகளில், நாடாவிலிருந்து தகவல் வந்து சேரும்வரை கணக்கிடும் பகுதி பெரும்பாலும் வேலையின்றிக் காத்திருந்தது. 1954இல் அமெரிக்காவில் உருவான டைசியாக் என்னும் பொறியில் நிலைமை மாறியது. வெளிச்சாதனம் தன் வேலை முடிந்ததும் குறுக்கிட்டுத் தெரிவிக்கும். அதுவரை வேறு கணக்கு நடக்கும்.

1976இல் பிரீட்மன், வைஸ் என்ற இரு அறிஞர்கள், இனிமேல் வரவிருக்கும் விடைக்கு 'வாக்குறுதி' என்று பெயரிட்டனர். சலவைக் கடையில் துணியைப் போட்டதும் தரும் சீட்டைப் போன்றது அது. சீட்டை வாங்கிக்கொண்டு நம் வேலையைப் பார்க்கலாம். தொலைவிலுள்ள பொறிகளை அழைப்பதற்கும் இம்முறையை 1988இல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் விரிவுபடுத்தினர். இவ்வாறு விடைக்காக நில்லாமல் விடும் அழைப்பே அசின்க்ரனஸ் அழைப்பு, அதாவது ஒத்திசையா அழைப்பு.

மேகக் கணிமை வந்தபின் காத்திருப்புக்கு விலையும் வந்தது. 2014இல் அமேசான் அறிமுகம் செய்த லாம்டா சேவையில், நிரல் ஓடும் நேரத்துக்குக் கட்டணம். விடைக்காக நிரல் சும்மா நின்றாலும் கடிகாரம் ஓடும். ஒன்றையொன்று சாராத மூன்று அழைப்புகள், ஒவ்வொன்றும் 2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக விட்டால் 6 விநாடி. ஒருசேர விட்டால் ஏறக்குறைய 2 விநாடிதான். அதற்காக ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் விடலாமா? கூடாது. சூளைக்குக் கொள்ளளவு உண்டு, எதிர்ப்பொறிக்கும் உண்டு. மிஞ்சியவற்றை வரிசையில் நிறுத்த வேண்டும்.

இம்முறையை நீங்களும் அன்றாடம் பயன்படுத்தியிருக்கலாம். 2016இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் கொண்டுவந்த யு.பி.ஐ. இவ்வகையில் அமைந்ததே. உங்கள் கோரிக்கை சென்றவுடன் 'கிடைத்தது' என்ற ஒப்புகை மட்டும் வரும். பணம் சேர்ந்ததா என்னும் உண்மையான விடை பின்னர்த் தனிச்செய்தியாக வரும். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று காட்டுவது இரண்டிலும் உள்ள ஒரே பரிவர்த்தனை எண்.

ஆபத்தும் இங்கேதான். விடை தாமதமானால் 'தோல்வி' என்று பொருளல்ல. பொறுமையிழந்து புதிய எண்ணில் மறுபடி அனுப்பினால், பணம் இருமுறை போய்விடலாம். அதனால் நல்ல நிரலர், பழைய எண்ணைக் கொண்டே நிலையை விசாரிப்பார். அதே எண் இரண்டாம் முறை வந்தால் செயலை மீண்டும் செய்யாதபடி நிரலை அமைப்பார். கணக்கில் கழிந்தும் கடைக்காரருக்கு உறுதிப்படாத யு.பி.ஐ. தொகை, அடுத்த 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று 2019இல் ரிசர்வ் வங்கி விதித்தது.

அடுத்த முறை தேநீர்க் கடையில் 'நிலுவையில்' என்று கைபேசி காட்டினால், அவசரப்பட்டு மறுபடி அழுத்தாதீர்கள். சூளை இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.