விக்டோரியா (கொழும்பு இடப்பெயர்)

விக்டோரியா என்பது வெற்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல். உரோமர் வணங்கிய வெற்றித் தெய்வத்தின் பெயரும் இதுவே. அத்தெய்வத்தைக் கிரேக்கர் நைக்கி என்றனர். ஆங்கிலத்தின் ‘விக்டரி’ இதே வேரிலிருந்து வந்தது. இலங்கையில் இப்பெயர் 1837 முதல் 1901 வரை ஆண்ட பிரித்தானிய அரசியின் வழியாக வேரூன்றியது.

பாலமும் வைத்தியசாலையும்: கொட்டாஞ்சேனைக்கு அப்பால், பாலத்துறையில் களனி கங்கையைக் கடக்க 1822இல் படகுகளைப் பிணைத்த மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895இல் அதன் இடத்தைப் பிடித்த இரும்புப் பாலம் அரசியின் பெயரைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிப்டன் சுற்றுவட்டத்தில் எழுந்த விக்டோரியா ஞாபகார்த்த கண் வைத்தியசாலை, எட்வர்ட் ஸ்கின்னர் வடிவமைத்த செங்கல் கட்டடம், இந்தோ-சரசனிக் பாணியிலானது.

பூங்கா: கறுவாத்தோட்டத்தில் நகர மண்டபத்தின் எதிரே பரந்திருப்பது முன்னாள் விக்டோரியா பூங்கா. இரண்டாம் உலகப் போரில் இங்கே ஆஸ்திரேலியப் படையினர் தங்கினர். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து, காலிமுகத்திடலில் நிறுத்தப்பட்டிருந்த முதலாம் உலகப் போர் நினைவுத்தூணும் அக்காலத்தில் இப்பூங்காவுக்கு வந்தது. கடலோரத்தில் உயர்ந்து நின்ற தூண் ஜப்பானியரின் தாக்குதலுக்கு அடையாளக் குறியாகிவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினர். பூங்கா சீரமைக்கப்பட்டு 1951இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பெயர்மாற்றம்: சுதந்திரத்துக்குப் பின் பூங்காவுக்கு விகாரமகாதேவியின் பெயர் சூட்டப்பட்டது. மகாவம்சத்தின்படி இவர் தமிழ் மன்னன் எல்லாளனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் தாய். அந்நிய அரசியின் பெயர் நீங்கியது. ஆனால் வந்த பெயரும் ஒரு போர் வெற்றியின் நினைவையே சுமந்து வந்தது. அந்த வெற்றியைத் தமிழரும் சிங்களவரும் ஒரே விதமாக நினைவுகூர்வதில்லை.

கொழும்புக்கு வெளியே: மகாவலி கங்கையின் குறுக்கே, கண்டி மாவட்டத்தில், பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. உயரம் 122 மீற்றர். மின் உற்பத்தித் திறன் 210 மெகாவாட். பழைய தெல்தெனிய நகரம் இதன் நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. குடியேற்ற ஆட்சி முடிந்து முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் நாட்டின் பெரிய அணையொன்று இப்பெயருடனேயே திறக்கப்பட்டது.