நியூயார்க்கில் கைப்பேசித் தடை

பள்ளியில் கைப்பேசிக்குத் தடை என்பது நேற்றுத் தோன்றிய விதியன்று. 2006ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகர அரசாங்கப் பள்ளிகளுக்குள் மாணவர் அதனைக் கொண்டுவருதல் கூடாதென்று கண்டிப்புச் செய்தனர். பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தும் வென்றாரில்லை.

விதி எல்லார்க்கும் ஒன்றே. ஆயினும் உலோகச் சோதனை வாயில்கள் இருந்த பள்ளிகளிலேதான் அது முழுமையாகச் செல்லுபடியாயிற்று. பிற பள்ளிகளில் பைக்குள் ஒளித்தவர் தப்பினர். அவ்வாயில்களோ பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் பயின்ற இடங்களிலேயே நின்றன. அங்கே தெருவோரம் வண்டிகளை நிறுத்தி, நாளொன்றுக்கு 1 டாலர் பெற்றுக் கைப்பேசிகளைக் காத்துக் கொடுப்பது ஒரு வாணிகமாயிற்று. ஆண்டில் ஏறத்தாழ 180 பள்ளி நாட்கள்! ஏழைத் தாய்க்கு இது மற்றொரு பள்ளிக் கட்டணமன்றோ?

2015 மார்ச்சில் மேயர் டி பிளாசியோ தடையை நீக்கினார். 2025 செப்டம்பரில், மாநிலச் சட்டத்தால் அது மீண்டது. இம்முறை கைப்பேசிகளைப் பள்ளிகளே பாதுகாத்து வைக்க மாநிலம் 135 இலட்சம் டாலர் ஒதுக்கியது. பெற்றோர் பிள்ளையுடன் தொடர்புகொள்ள வழி செய்வதும் பள்ளியின் கடமையாயிற்று.